நூற்றைம்பது வரை எண்ணச் சொன்னவர்

அவர் யாருக்கும் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. எதிரே வருகிறவன் கையைப் பிடிப்பார். கை குலுக்கப் போகிறார் என்று நாம் நீட்டினால், அவருடைய மூன்று விரல்கள் நம் மணிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு கையால் மடியிலிருந்து கடிகாரத்தை எடுப்பார். அப்புறம் கால் நிமிஷம் நாம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சப்புக்கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணுவார். முடிந்ததும் கையை விட்டுவிட்டு, "எம்பத்தி எட்டு. இன்னா அண்ணாச்சி, வூட்ல சண்டையா?" என்பார்.

சண்டைதான். அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு எரிச்சல் வரும்.

நான் அப்போது ராயபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். தெற்கே சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கடையில் எட்டு சைக்கிள், காற்றடிக்க ஒரு பம்பு, சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொன்னால் மறைத்தேன் என்பீர்கள். பெண்டுலத்தின் குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்திருந்தேன். மணிக்கு அஞ்சு நிமிஷம் கூடவே ஓடும். ஒரு மணி நேரத்துக்கென்று சைக்கிள் எடுத்துப் போனவன் ஐம்பத்தைந்து நிமிஷத்தில் திரும்பினாலும் கடிகாரம் ஒரு மணி நேரம் ஆகிவிட்டதென்று சாட்சி சொல்லும். அப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் ஊர் மணி ஒன்று, என் மணி ஒன்று என்று ஆகிவிடுமே. அதனால் மில் சங்கு ஊதும்போதெல்லாம் முக்காலி மேல் ஏறி முள்ளைப் பின்னால் தள்ளி வைப்பேன். தப்புதான். சைக்கிளைக் கொடுத்துவிட்டுத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அந்தத் தப்பின் அருமை தெரியும்.

அந்தச் சங்கை ஊதுகிறவர் இவர்தான். தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் பாய்லர் வேலை. கரி அள்ளிப் போட வேண்டும், தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும், ஆவி எவ்வளவு ஏறியிருக்கிறதென்று கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நேரத்துக்குச் சங்குக் கயிற்றை இழுக்க வேண்டும். இவர் இழுத்தால் முதலில் குட்டியாக ஒரு சத்தம், ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் நீளமாக. குழாயில் தங்கின தண்ணீரை முதல் சத்தத்தில் வெளியே தள்ளிவிடுவாராம். மற்றவர்கள் இழுத்தால் எடுத்த எடுப்பிலேயே நீளமாகக் கத்தும். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய்லர்காரர். பெயர் ஒன்று இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை, நானும் எழுதப் போவதில்லை.

அவருடைய கடிகாரத்தைப் பார்த்து முதலில் சிரித்திருக்கிறேன். மூர் மார்க்கெட்டில் வாங்கினது. மணி முள் கிடையாது. நிமிஷ முள் இருந்தது, ஆனால் ஆடிக்கொண்டே கீழே தொங்கும். அடியில் குட்டி வட்டத்துக்குள் ஓடுகிற வினாடி முள் மட்டும் ஒழுங்கு. "மணி தெரிஞ்சுக்க சங்கு கீது. எனக்கு இந்த சின்ன முள்ளு போதும்" என்றார்.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, எங்கியும் போவாத சைக்கிள் ஒண்ணு வோணும்" என்றார்.

"எங்கேயும் போகாததா? அதுக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போடலாமே."

"நாற்காலிய மிதிக்க முடியாதே."

மாட்டு வண்டியில் மோதி முன்பக்கம் கோணிப்போன சைக்கிள் ஒன்று கடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. முன்சக்கரத்தைப் பார்த்து, "இது வாணாம், நீயே வெச்சுக்கோ" என்று கழற்றிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். இந்த மனுஷன் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்திரமே அவர் வீட்டுக்குப் போனேன்.

பின்கட்டில் வைத்திருந்தார். பழைய கட்டுமரத்துக் கட்டைகள் இரண்டைத் தரையில் பதித்து, சைக்கிளை அதன்மேல் ஆடாமல் நிறுத்தியிருந்தார். பின்சக்கரத்தின் டயரை உரித்துவிட்டு, வெறும் வளையத்தின் மேல் மில்லில் கழித்துப்போட்ட தோல் பெல்ட்டைப் போட்டிருந்தார். பெல்ட்டின் ஒரு முனை கட்டையில் ஆணி அடித்திருந்தது, மறுமுனையில் செங்கல் தொங்கியது. செங்கல் கூடக் கூட பெல்ட் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும், மிதிப்பது கஷ்டமாகும். ஏறி மிதித்துப் பார்த்தேன். ஒரு செங்கல் என்றால் சமதரை. இரண்டு என்றால் ராயபுரம் பாலத்து ஏற்றம். மூன்று என்றால் அதே ஏற்றத்தில் பின்னால் ஒரு தடியனை உட்காரவைத்த மாதிரி. இறங்கினதும் என் கையைப் பிடித்துவிட்டார், வேறென்ன.

தெருவே வந்து எட்டிப் பார்த்தது. "இன்னா மாமு, எண்ணூர் போய்ச் சேந்தியா?" என்று வேலிக்கு வெளியே நின்று கேட்பார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்பதான் திருவொத்தியூரு" என்பார். கோபமே வராது. காலையில் வேலைக்குப் போகுமுன் இருபது நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மிதிப்பதை நிறுத்தி, அந்த க்ஷணமே மணிக்கட்டைப் பிடித்து, கால் நிமிஷம் எண்ணி, நாலால் பெருக்கிச் சுவரில் கரித்துண்டால் எழுதுவார். எல்லாம் முடிந்து இறங்கி, இரண்டு நிமிஷம் சும்மா நின்று மறுபடி எண்ணுவார். முதலில் எழுதினதை விட இந்தக் கடைசி எண்ணைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். "எத்தினி ஏறுதுன்றது இருக்கட்டும். நெருப்ப வெளிய இழுத்துட்டா எவ்ளோ சீக்கிரம் எறங்குதுன்னு பாக்கணும். அதான் பாய்லரு லட்சணம்."

எனக்கும் நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தார். நான் கட்டைவிரலை வைத்தேன். தட்டிவிட்டார். "அதுக்குள்ள உன் அடியே அடிக்குது. அத்த வெச்சு எண்ணினா உன்னுதும் என்னுதும் கலந்துபூடும்."

இவ்வளவு பாடும் எதற்கு என்று அவர் ஒரே மூச்சாகச் சொல்லவில்லை, துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரிந்தது. மில்லுக்கு மாதம் ஒரு தடவை டாக்டர் வருவார். அவர் இவர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் நாலைந்து அடிக்கு ஒரு அடி தப்புகிறது என்றார். பாய்லர் முன்னால் உன்னை வைக்க எனக்கு மனசில்லை, மூன்று மாசம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் வீட்டுக்குத்தான் போகணும், அதுவரை அலட்டிக்கொள்ளாதே என்றார். நல்ல டாக்டர்தான், உண்மையைச் சொன்னார். இவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் படுத்துப் பார்த்தார். படுத்தபடியே எண்ணினார். படுத்திருக்கும்போதுதான் அதிகமாகத் தப்பியது. எழுந்து கிணற்றில் பத்து வாளி இறைத்துவிட்டு எண்ணினார். ஒரு அடிகூடத் தப்பவில்லை.

"சும்மா கெடந்தா தப்புது, வேலை குடுத்தா தப்பல. இன்னாடா இது பேஜாருன்னு பாத்தேன்" என்றார் என்னிடம். பயந்த முகமே இல்லை. புது எஞ்சினை வாங்கினவன் அதைச் சுற்றிச் சுற்றி வருவானே, அந்த முகம். கிணற்றில் இறைத்துப் பார்த்த மறுநாள்தான் சைக்கிள் கேட்டு வந்தது.

அதன்பின் அவர் எண்ணாத நேரம் இல்லை. தும்மினால் எண்ணுவார். சுறாப்புட்டு சாப்பிட்டுவிட்டு எண்ணுவார். டிராமுக்கு ஓடினால், ஏறினதும் கம்பியைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடித்து நின்று பக்கத்து ஆள் மேல் விழுவார். ஒரு தடவை அவர் சம்சாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தாள், சுவரில் இருந்த இரண்டு மாசத்துக் கரி எழுத்தெல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டது. அப்போது நான் அங்கே இருந்தேன். அவர் முகம் கறுத்தது, உதடு துடித்தது, கையை ஓங்கப் போகிறாரோ என்று நான் நடுவில் போகப் பார்த்தேன். ஓங்கின கை பாதியில் நின்று மற்றக் கையின் மணிக்கட்டுக்குப் போனது. கால் நிமிஷம் மூன்று பேரும் பேசாமல் நின்றோம்.

"நூத்தி நாலு" என்றார் சந்தோஷமாக. "சும்மா நின்னுகினே. ரெண்டு செங்கல்லுக்கு சமானம்." கரித்துண்டைத் தேடி எடுத்து, புதுச் சுவரில் முதல் எண்ணாக அதை எழுதினார். எதற்குக் கோபப்பட்டார் என்பது அவருக்கு மறந்தேபோனது.

அந்தம்மாள் நெட்டுக்குப்பத்துக்காரி. நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் அண்ணன் வீட்டுக்கு ஒரு தடவை எங்கள் இரண்டு பேரையும் அழைத்துப் போனாள். அங்கே கடற்கரையில் ஆட்கள் வரிசையாக நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையில் சேர்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அது எங்கே. வலை கரைக்கு வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவன் கையாகப் பிடித்து எண்ண ஆரம்பித்தார். மீன் துள்ளிக்கொண்டிருக்கிறது, கூடைக்காரிகள் கத்துகிறார்கள், இவர் பாட்டுக்கு எண்ணுகிறார். எல்லோருக்கும் நூற்றுப் பத்து, நூற்று இருபது. தலை நரைத்த ஒருவருக்கு மட்டும் எண்பது. இவர் நம்பாமல் மூன்று தடவை எண்ணினார். அந்த மனுஷர், "யோவ், கைய வுடுய்யா, மீன் பொறுக்கணும்" என்று பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த இழுப்புக்கு இவர் அந்த ஆளின் முகத்துக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே பேச்சு. "மத்தவனெல்லாம் இழுக்கறப்ப மூச்ச அடக்கறான். அந்தாளு இழுக்கறப்ப உட்றாரு. அதான் விசயம்." மறுநாள் முதல் இவரும் ஒவ்வொரு மிதிக்கும் புஸ் புஸ்ஸென்று மூச்சை விட்டுக்கொண்டு மிதித்தார். சுவரில் எண்கள் கீழே இறங்கின. எனக்கே அதைப் பார்க்க ஆசையாக இருந்தது, சாயந்திரமானால் போய்ச் சுவரைப் படித்துவிட்டு வருவேன்.

மூன்று மாசம் முடிய ஒரு வாரம் இருந்தது. அப்போதுதான் டெஸ்ட் என்ற பேச்சை எடுத்தார்.

பாய்லருக்கு வருஷம் ஒரு தடவை டெஸ்ட் உண்டு. நெருப்பை அணைத்து, ஆறவைத்து, உள்ளே முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அடித்து அழுத்தம் ஏற்றுவார்கள். தினசரி வேலைக்கு நூறு என்றால் டெஸ்ட்டுக்கு நூற்றைம்பது, எப்போதும் ஒன்றரை மடங்கு. அதில் கசியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடலாம். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் மில்காரர்களே ஒரு தடவை தங்களுக்குள் ஏற்றிப் பார்த்துக்கொள்வார்களாம். இவருக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் அது. "ரெண்டு செங்கல்லுல இருவது நிமிசம் மிதிச்சா எனக்கு நூறு நிக்குது. அதான் என் வேலை அழுத்தம். டாக்டரு முன்னால போறதுக்கு முந்தி நூத்தம்பது ஏத்தி ஒரு நிமிசம் புடிச்சுப் பாக்கணும்."

"நீங்க என்ன இரும்பா?" என்றேன்.

"இரும்புக்கே டெஸ்ட் கீது. எனக்கு வாணாமா?"

ஆளும் வேண்டும் என்றார். பம்ப் அடிக்கிறவன் கேஜைப் பார்க்கக் கூடாது என்பது டெஸ்ட்டில் சட்டமாம். பார்த்தால் கை தயங்குமாம். அதனால் மிதிப்பது அவர், எண்ணுவது நான். ஏன், தெருவில் வேறு ஆளே இல்லையா, உங்கள் மில்லிலேயே உங்களோடு கரி அள்ளுகிறவன் இருக்கிறானே என்று கேட்டேன். "நீதான் அண்ணாச்சி நேரம் பாக்கறவன்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, என் புத்தியை என்ன சொல்ல.

சனிக்கிழமை மதினி கடைக்கு வந்தாள். அவள் கடைக்கு வந்ததே இல்லை. நின்றபடியே பேசினாள்.

"நாளைக்கு நீதான் எண்ணப் போறியாமே?"

"ஆமா மதினி."

அன்றைக்கு அந்த வார்த்தைக்கு அவள் சிரிக்கவில்லை. "இவரு அண்ணன் கதை உனக்குத் தெரியுமா? அவரும் பாய்லருதான். கரி அள்ளிப் போட்டுகினே இருந்தவரு அப்டியே சாஞ்சுட்டாரு. கையில புடிச்ச கரண்டிய எடுக்க ரெண்டு ஆளு வோண்டியிருந்துது. அப்ப அவருக்கு இவரு வயசுதான்."

"நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லாமயா கீறேன். நான் சொன்னா கேக்கமாட்டாரு, கேஜு சொன்னாத்தான் கேப்பாரு. நீதான் கேஜாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்படிச் செய், அப்படிச் சொல் என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று செங்கல் தொங்கியது. தன் முதுகுக்குப் பின்னால், மிதிக்கும்போது தன் கண்ணில் படாதபடி, ஆணியில் கடிகாரத்தை மாட்டியிருந்தார். நான் அவர் கழுத்தில், தாடைக்குக் கீழே, இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மதினி அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள், ஒரே காம்பை உருவிக்கொண்டிருந்தாள்.

நூறு ஆயிற்று. சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டு. சொன்னேன். அவர் தலையை ஆட்டி இன்னும் வேகமாக மிதித்தார். சக்கரம் கரகரவென்று இழுத்தது, தோல் பெல்ட் கருகுகிற வாடை வந்தது. முதுகில் வியர்வை வழிந்து சைக்கிள் சீட்டில் சொட்டியது. நூற்று இருபது. புஸ் புஸ்ஸென்று விட்ட மூச்சு எப்போது நின்றுபோனதென்று தெரியவில்லை, வாயைத் திறந்து இழுத்துக்கொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. அடுத்த கால் நிமிஷம் எண்ணினேன், முப்பத்திரண்டு. நூற்று இருபத்தெட்டு என்று சொல்ல வாயைத் திறக்கும்போது என் விரலுக்கு அடியில் ஒரு அடி வரவில்லை.

மிதிக்கும்போது தப்பாது என்பதுதானே அவர் கண்டுபிடிப்பு. அந்த ஓர் அடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம் மறுபடி அடித்தது. எனக்கு முன்னால் அவர் தெரியவில்லை, பார்க்காத அவர் அண்ணன்தான் கரண்டியோடு தெரிந்தார்.

"நூத்தைம்பது" என்றேன்.

"புடி... ஒரு நிமிசம்" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். குட்டி முள் அரை வட்டம்கூடத் தாண்டவில்லை. "ஆச்சு. நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார். கைப்பிடி மேல் கவிழ்ந்து கிடந்தார். இரண்டு நிமிஷம் கழித்து எண்ணச் சொன்னார், எண்ணினேன், தொண்ணூற்றாறு. அதை உண்மையாகச் சொன்னேன். அவர் இறங்கிவந்து கரித்துண்டை என் கையில் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் போல நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'நூற்றைம்பது, ஒரு நிமிஷம், சரி' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். எட்டு சைக்கிளையும் எத்தனையோ தடவை வாடகைக்கு விட்டிருக்கிறேன், பொய்க் கணக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை டாக்டர் பார்க்கிற நாள். காலையில் கடையைத் தாண்டி மில்லுக்குப் போனார், மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வேட்டி. "உன் கையால டெஸ்ட்டு சீட்டு வாங்கியாச்சு, இன்னா பயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கரி மேட்டுக்குப் போகும் இரும்புப் படிக்கட்டில் டாக்டர் அவரை ஏறி இறங்கச் சொல்வார். இவர் என் கையெழுத்தை நம்பிக்கொண்டு ஓடி ஏறுவார். நூற்றைம்பது தாங்கும் என்று நினைத்து ஏறுவார். ஏதாவது ஆனால் அந்தம்மாள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? வேலைதான் போகட்டுமே, ஆள் இருந்தால் போதாதா? எதற்கு இந்த எழவைச் சுவரில் எழுதித் தொலைத்தேன்?

மத்தியானச் சங்கு ஊதியது. எடுத்த எடுப்பில் நீளமாகக் கத்தியது. அவர் கை இல்லை. டாக்டரிடம் இருப்பார், அதனால்தான் வேறு யாரோ இழுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். நம்பிக்கை வரவில்லை. யாருக்கு எந்த சைக்கிளைக் கொடுத்தேன், எப்போது வாங்கினேன், எதுவும் மனசில் நிற்கவில்லை. சாயந்திரச் சங்குக்காக வாசலிலேயே நின்றேன்.

குட்டியாக ஒரு சத்தம். ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் நீளமாக.

அப்படியே கடை மேடையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சொல்ல எனக்கென்ன வெட்கம்.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்து நின்றார். வெள்ளை வேட்டியெல்லாம் கரி. என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே சுவரைப் பார்த்தார்.

"அஞ்சரைக்கு சங்கு ஊதி அரை மணி ஆவல, உன் கடிகாரம் ஆறே முக்கால்ன்னுது. இன்னிக்கு முக்காலி ஏறலியா அண்ணாச்சி?"

"உங்களுக்கு எப்படி..."

"லீவு நாள்ல உன் கடைக்கு எதுத்தாப்லதானே டீ குடிக்கறேன். சங்கு ஊதினா ஊரே வேலைக்கு ஓடுது. நீ ஒருத்தன் முக்காலி மேல ஏறுறே." சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டரு பாத்தாரு. படி ஏறச் சொன்னாரு, எறங்கினப்புறம் எண்ணினாரு, ரெண்டு நிமிசம் கழிச்சு எண்ணினாரு. இவ்ளோ வெரசா எறங்குதே, இன்னா பண்ணினேன்னாரு. சொன்னேன். கரி அள்ள வேற ஆளு போட்டுடறாங்க. கேஜும் தண்ணியும் நான் பாக்கறேன். சங்கும் என்னுதுதான்."

இதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நான் அன்னிக்குச் சொன்னது பொய். நூத்தைம்பது வரவே இல்லை. நூத்தி இருபத்தெட்டுதான். ஒரு நிமிஷமும் இல்லை. அதுவும் இல்லாம, மிதிக்கும்போதே ஒரு அடி தப்பிடுச்சு. அதை உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றார். "மொதலாவத நீ கவனிக்கல. காதுக்குள்ள அடிக்கறது எனக்குக் கேக்காதா? டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லிட்டேன். அதான் கரிக்கு வேற ஆளு."

"என் கடிகாரக் குட்டு தெரிஞ்சுமா என்னை எண்ணச் சொன்னீங்க?"

"தெரிஞ்சுதான். மில்லுல என்கூட கீறவன கூப்ட்டிருந்தா, நூத்தம்பதுன்னா நூத்தம்பது வரைக்கும் மிதிக்க உட்டிருப்பான். அவன் கேஜுக்காரன். நானும் நிறுத்தமாட்டேன், எனக்கு என்ன பத்தித் தெரியாதா? நீ அம்பத்தஞ்சு நிமிசத்துல ஒரு மணி நேரத்த முடிக்கறவன். உன்ன வுட்டா நான் யாரக் கூப்டுவேன்? அடுத்த வருசமும் நீதான் வரணும். அதுவரைக்கும் அந்தக் கடிகாரத்தத் திருத்திக்கிருத்தி வெச்சுடாத."

திட்டுவார் என்று காத்திருந்தவனுக்கு இது திட்டா, பாராட்டா என்று புரியவில்லை. அவர் என் கையை இழுத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். வழக்கம்போல நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நூத்திப் பன்னெண்டு" என்றார். "சும்மா குந்திகினு கீற ஆளுக்கு இது ஜாஸ்தி அண்ணாச்சி. எனக்காகவா?"

அந்த எண் இறங்குகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.